இலங்கை மலையகத்தில் குடும்பமாகக் கல் பொறுக்கப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரியில் போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதியில் நாங்கள் ஆறு பேர் வேன் எடுத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து ஊவாப் பக்கம் போய், மூன்று நாள் கல் பொறுக்கிவிட்டு வந்தோம். நான், மனைவி, மகள், மகன், அப்பா, அம்மா. திரும்பி வந்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் பிள்ளைகளின் வகுப்பாசிரியர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல் பொறுக்குவதற்கென்றே ஒரு பயணமா? எப்படி ஆரம்பித்தது?

என் மச்சான் ஓமானில் வேலை செய்கிறார். லீவில் வந்தபோது பிள்ளைகளுக்குச் சொக்லட்டோடு ஐந்தாறு கல்லும் கொண்டுவந்தார். அங்கே பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்க் கல் பொறுக்குமாம். அந்த ஊர் மலைகளில் ஒருகாலத்தில் கடலடித்தரையாக இருந்த பாறை மேலே தள்ளப்பட்டு வெயிலில் கிடக்கிறது. மரமில்லை, புல்லில்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால். மகள் அந்தக் கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல கல்லு இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கல்லின் மேல் கட்டிய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, கல்லுப்படி ஏறிப் பள்ளிக்கூடம் போய், கல்லடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம் நாங்கள். பிள்ளைக்குக் காட்ட ஒரு கல்லின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. மாணிக்கம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் "கருங்கல்லு", "வெள்ளைக்கல்லு", அவ்வளவுதான்.

இங்கேதான் எல்லாம் மண்ணும் தேயிலையுமாக மூடிக் கிடக்கிறதே, கல் எங்கே தெரியும்?

நியாயமான கேள்வி. இங்கே மழையும் வெப்பமும் பாறையை மக்கச் செய்துவிடுகின்றன. மேலே பல அடி மண், அதற்கு மேல் புல்லும் பாசியும். அதனால் மண் கிழிந்த இடங்களைத் தேட வேண்டும்: ரோட்டுக்காக வெட்டிய கரை, ஓடை, தேயிலை மலையில் வெட்டிய வடிகால் கான், மரக்கறித் தோட்டத்தின் ஓரம். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்கு நிலம் கொத்துகிறவர்கள் கல்லைப் பொறுக்கி வரப்போரம் குவித்துவைப்பார்கள். அந்தக் குவியல் எங்களுக்குப் புதையல்.

தேயிலை மலையில் யானை படுத்ததுபோல உருண்டைப் பாறைகள் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அவை எங்கிருந்தும் உருண்டு வந்திருக்க வேண்டியதில்லை. விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, பாறையை மூலையிலிருந்து உள்நோக்கி மக்கச் செய்யும். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகக் கழன்று, நடுவில் மக்காத பகுதி உருண்டையாக மிஞ்சும். சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் அது வெளியே தெரிகிறது.

எந்த வழியாகப் போனீர்கள்?

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை. அங்கே கொழுந்தியா வீட்டில் முதல் இரவு. மறுநாள் எல்ல வழியாக வெல்லவாய இறங்கி, கொஸ்லந்தை, பெரகலை ஏறி ஹப்புத்தளையில் பெரியப்பா மகன் வீட்டில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் வந்த வழியே திரும்பினோம். மூன்று நாள் போதாது. நான்கு நாள் வைத்துக்கொண்டால் பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

எந்த மாதம் நல்லது?

மலையின் இரண்டு பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும்; அப்போது ஊவா காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை பதுளைப் பக்கம் கொட்டும். எங்களைப்போல இரண்டு பக்கமும் போவதென்றால் பெப்ரவரி, மார்ச்தான் சரி. ஒக்டோபர், நவம்பரில் போகவே வேண்டாம். காரணம் கீழே, மண்சரிவு பற்றிய பதிலில் வரும்.

கல்லை எடுத்து வருவது சட்டப்படி சரியா?

இதை முதலில் தெரிந்துகொண்டுதான் வண்டியில் ஏற வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்க, கனியச் சட்டப்படி கனியங்களைத் தோண்டவும் ஏற்றிச் செல்லவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். மாணிக்கத்துக்கு வேறு சட்டம், வேறு அதிகாரசபை. எனவே எங்கள் குடும்பத்து விதி இது: தோண்டுவதில்லை, பாறையை உடைத்துப் பெயர்ப்பதில்லை, நிலத்துக்குச் சொந்தக்காரரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ கேட்காமல் குனிவதில்லை. கேட்ட பிறகும் ஓர் இடத்தில் ஆளுக்கு ஒரு கல், அதுவும் உள்ளங்கைக்குள் அடங்குவது. சந்தேகமாக இருந்தால் பணியகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சில இடங்களில் கூழாங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். இந்த இரண்டும் சிவனொளிபாதமலை வனமும் சேர்ந்து 2010 இல் உலக மரபுரிமையாயின. எல்லவுக்குக் கீழே இராவணா நீர்வீழ்ச்சியைச் சுற்றியிருப்பதும் வனவிலங்குச் சரணாலயம். அங்கே பிள்ளைகள் ஈரப் பாறையைத் தடவிப் பார்த்தார்கள், படம் வரைந்தார்கள், கையை வீசிக்கொண்டு திரும்பினார்கள். மகன் கொஞ்சம் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாணிக்கம் ஏதாவது கிடைத்ததா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இல்லை, தேடவும் இல்லை. மாணிக்கம் பாறைக்குள் உருவாகி, பாறை மக்கிய பிறகு வெள்ளத்தோடு இறங்கி, கனமான கல் என்பதால் பள்ளத்தாக்கின் அடியில் சரளையோடு தங்கிவிடும். குழி வெட்டுகிறவர்கள் அந்தச் சரளைப் படுகையை 'இல்லம்' என்பார்கள். இரத்தினபுரியில் மட்டுமில்லை, நம் பொகவந்தலாவைப் பக்கமும் அந்த வேலை நடக்கிறது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் இல்லாமல் அதில் இறங்குவது குற்றம். கைவிட்ட பழைய குழிகளில் தண்ணீர் நிறைந்து மேலே புல் மூடியிருக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சரி, என்னென்ன கல்தான் பொறுக்கினீர்கள்?

வெள்ளைக்கல் எங்கும் கிடைத்தது. அதன் பெயர் குவார்ட்ஸ். பால்போல வெளுத்தது, கண்ணாடிபோல ஊடே ஒளி போவது, இரும்புக் கறை ஏறிப் பழுப்பானது என்று ஒரே கல்லின் பல முகங்கள். மற்றக் கனியங்கள் மக்கி மண்ணானாலும் இது மக்காமல் நிற்பதால்தான் வரப்போரக் குவியலில் பாதி இதுவாக இருக்கிறது.

காக்காப்பொன் பிள்ளைகளுக்குப் பிடித்தது. மைக்கா என்று புத்தகத்தில் இருக்கும். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகக் கழலும். மகள் ஓர் ஏட்டை விரல் நுனியில் ஒட்டவைத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வெளிச்சம் அதனூடே வந்தது. அதை வளைத்தால் வளையும், விட்டால் திரும்ப நிமிரும்.

ஆனால் என் மனத்தில் நிற்பது ஹப்புத்தளைக்கு இந்தப் பக்கம், தெரிந்தவரின் தோட்டத்து ஓடையில் கிடைத்த கல். சாம்பல் நிறம், வெளியே சேறு. மகன் தண்ணீரில் முக்கி எடுத்துச் சட்டையில் துடைத்தான். உடனே கத்தினான்: "அப்பா, கல்லுக்கு அம்மை போட்டிருக்கு!" கல் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், சில மிளகளவு, சில மாதுளை முத்தளவு. அது கார்னட். இந்த மலைகளின் பாறையில் கார்னட் சாதாரணமாக இருக்கும். பெரும்பாலும் விரிசலோடு இருப்பதால் நகைக்கு உதவாது. சட்டையில் துடைத்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கியதும் அந்தக் கல்லின் கதையில் சேரும்.

பிறகு, கருங்கல். அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும்.

கருங்கல்லில் என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டு அம்மிக்கல்லே கருங்கல்தான். மலையகத்தில் கருங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சார்னொகைட் என்ற வகை. உடைந்த புது முகத்தைப் பாருங்கள்: பச்சை கலந்த சாம்பல், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜொப் சார்னொக் என்ற கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகை. தோமஸ் ஹொலன்ட் என்ற புவியியலாளர் அதைப் பார்த்து, சார்னொக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். இந்தக் கல்லுக்கு எடுத்துக்காட்டான இடமாக உலகமே சொல்வது சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம்.

இதை நான் பண்டாரவளையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர். "அப்போ, கல்லு நமக்கு முன்னாலயே ஒண்ணாத்தான் இருந்திருக்கு" என்றார். ஆமாம். இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தபோது, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டுப் பாறைகள் 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இன்றைய உருவத்துக்கு வந்தன. மேலே இருந்த அத்தனை பாறையும் தேய்ந்து போன பிறகுதான் நாம் இதன் மேல் கொழுந்து பறிக்கிறோம்.

சங்கு, மீன், இலை பதிந்த கல் கிடைக்குமா?

மலையகத்தில் கிடைக்காது. அவ்வளவு வெப்பத்தில் எந்த உயிரின் தடமும் மிஞ்சாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களின் தடம் உண்டு. இரத்தினபுரிச் சரளையில் நீர்யானை, காண்டாமிருகம் போன்றவற்றின் பழைய எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

கல்லை வீட்டிலேயே எப்படி இனங்காண்பது?

முதலில் கீறிப் பாருங்கள். நகம் கீறினால் காக்காப்பொன்போல மெதுவான கல். கத்தி கீறி நகம் கீறாவிட்டால் சலவைக்கல்லாக இருக்கலாம். கத்தியும் கீறவில்லை, கல்தான் கண்ணாடிப் போத்தலைக் கீறுகிறது என்றால் குவார்ட்ஸோ கார்னட்டோ. போத்தலைக் கையில் பிடிக்காமல் மேசையில் வைத்துக் கீறுங்கள். சலவைக்கல்லா என்ற சந்தேகம் வந்தால் கத்தியால் சுரண்டி அந்தத் தூளின் மேல் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விடுங்கள். பொடிக் குமிழி வந்தால் சரி. கல்லின் மேல் நேராக விட்டால் பல சமயம் ஒன்றும் தெரியாது. நம் நாட்டுச் சலவைக்கல்லில் டொலமைட் கூடுதல், அது தூளானால்தான் மெதுவாகப் பொங்கும்.

பழுதான ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓடை மணலில் இழுத்தால் கறுப்புப் பொடி மீசைபோல ஒட்டும். பிள்ளைகளை அரை மணிநேரம் கட்டிப்போட அது ஒன்றே போதும்.

அப்பாவிடம் இன்னொரு வழி இருந்தது. அவர் இளவயதில் தோட்டத்து ரோட்டுக்குக் கல்லுடைத்தவர். பாறையைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதைச் சாய்ப்பார். 'ணங்' என்றால் உள்ளே பச்சைக்கல், மக்கவில்லை. 'பொத்' என்றால் உள்ளே மண். என் மகளுக்கு மூன்றாம் நாள் அந்த வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு இன்னும் கேட்கவில்லை.

ஆபத்தான கல் உண்டா?

உண்டு, ஆனால் அரிது. சப்ரகமுவையில், பலாங்கொடைப் பக்கத்தில், தோரியனைட் என்ற கறுப்புக் கனியம் இருக்கிறது. சிறு கனசதுரமாக, அளவுக்கு மீறிய கனமாக இருக்கும். கதிரியக்கம் உள்ளது. அதை முதலில் ஆராய்ந்து வெளிக்கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. நடராஜர் சிலையைப் பற்றி எழுதியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். அவர் இலண்டனில் புவியியல் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்குத் தலைவராக இருந்து இந்த மலைகளில் கல்லைத் தேடி நடந்தவர். பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். கையளவுக்கு எதிர்பாராத கனத்தோடு ஒரு கறுப்புக் கல் கிடைத்தால் அங்கேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

சாக்கு, பழைய பத்திரிகை, ஒரு கொப்பி, பென்சில், மருந்து ஒட்டும் பிளாஸ்டர், பூதக்கண்ணாடி, காந்தம், ஒரு போத்தல் வினாகிரி. கையிலிருக்கும் கல்லை உடைத்துப் பார்க்க வேண்டுமென்றால் சாக்கால் மூடி அடியுங்கள், சில்லு கண்ணுக்குத் தெறிக்காது. அட்டைக் கடிக்கு உப்புத்துணியும் சவர்க்காரமும். தரையில் கிடக்கும் கல்லைப் புரட்டும்போது தூரப் பக்கத்து விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் பாம்போ தேளோ இருந்தால் அது மறுபக்கம் ஓடும்.

மண்சரிவுப் பகுதியில் போவது பயமில்லையா?

பயம் இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. இன்னும் அந்த மண்ணுக்குள்ளேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கொஸ்லந்தையில் வண்டியை நிறுத்தினோம், அம்மா கற்பூரம் கொளுத்தினார். அந்தப் பக்கம் ஒரு கல்லும் எடுக்கவில்லை.

மக்கிய மண் தண்ணீரைக் குடித்துக் கனத்து, அடியிலுள்ள பாறையின் மேல் வழுக்கினால் அதுதான் சரிவு. கல் பொறுக்குகிறவர்கள் விரும்பிப் போகும் வெட்டுக்கரைதான் முதலில் விழுவதும். மழை பெய்து கொண்டிருக்கும்போதும் பெய்த மறுநாளும் கரைக்குக் கீழே நிற்காதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று என்று கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் காலையிலும் மாலையிலும் பார்த்தோம்.

வேனில் கல்லை எப்படி ஏற்றுவது?

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கில் கால் வைத்தேன், பெடல் பாதியில் நின்றது. மகன் இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த வெள்ளைக்கல் உருண்டு வந்து பெடலுக்குக் கீழே சிக்கியிருந்தது. முதல் கியரில் இருந்ததால் வண்டி ஊர்ந்து கரையோரம் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் பிடித்தது.

அதனால் சொல்கிறேன்: ஒரு கல்கூட இருக்கைப் பகுதியில் இருக்கக்கூடாது. சாக்கில் கட்டி, பின்பக்கத்துத் தரையில், அசையாமல் இறுக்கி வையுங்கள். கூரையில் ஏற்ற வேண்டாம். ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் அளவுக் கல் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு?

பழைய பல்துலக்கியால் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அதற்கு முன்பே, எடுத்த இடத்திலேயே, பிளாஸ்டரில் ஓர் எண் எழுதிக் கல்லில் ஒட்டி, அதே எண்ணில் கொப்பியில் இடம், நாள், எடுத்தவர் பெயர், எப்படிக் கிடந்தது என்று எழுதியிருக்க வேண்டும். நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். முதல் நாள் நாங்கள் சோம்பலில் எழுதாமல் விட்டோம். பதினான்கு கல், எது ஹக்கலையில் எடுத்தது, எது வெலிமடையில் எடுத்தது என்று இன்று யாருக்கும் தெரியாது. அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. எண் போட்ட கல் அப்படியில்லை. "19, ஹப்புத்தளைக்குக் கிட்ட, ஓடை, தம்பி, அம்மை போட்ட கல்" என்று மகள் எழுதியதைப் படித்தால் அந்த ஓடையின் குளிர்கூடத் திரும்ப வருகிறது.

வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பலாமா?

ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்பதால் நாங்கள் அனுப்புவதில்லை. மச்சானுக்குப் படம்தான் அனுப்பினோம்.

அடுத்த பயணம் எங்கே?

மாத்தளை. அங்கே சலவைக்கல்லும் பெல்ஸ்பார் என்ற கனியமும் காக்காப்பொன்னும் கிடைக்கும் மண். சுண்ணாம்புச் சூளைக்காரர் ஒருவரிடம் உள்ளே பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அப்பா தன் பழைய சுத்தியலுக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருக்கிறார். கொப்பியில் 37 வரை வந்திருக்கிறது. 38 யாருடையது என்று பிள்ளைகளுக்குள் இப்போதே சண்டை.